தூண் மாளிகை பொதுக் கைக்கு வந்தால்: நூலகமா, கல்லூரியா, அருங்காட்சியகமா?

வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய மாளிகை ஒன்று அரசின் பொறுப்பில் வந்து சேர்ந்ததும், ஊரில் முதலில் எழும் குரல் "அருங்காட்சியகம் ஆக்கிவிடலாம்" என்பதுதான். அடுத்து யாராவது "நூலகம் வைத்தால் பிள்ளைகள் படிப்பார்கள்" என்பார்கள். இடநெருக்கடியில் தவிக்கும் ஒரு கல்லூரியும் மனுப் போடும். மூன்றுமே நல்ல யோசனைகள்தான். ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் மூன்றும் பொருந்தாது. கூரையையும் தரையையும் பார்க்காமல் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டால், அடுத்த தலைமுறை அந்த மாளிகைக்கு முட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

இந்த மூன்று வழிகளையும் இந்தியாவிலேயே செய்து பார்த்தாகிவிட்டது. கொல்கத்தா அலிப்பூரில் உள்ள பெல்வெடேர் மாளிகை தேசிய நூலகம் ஆனது. ஐதராபாத் கோட்டியில் உள்ள பிரிட்டிஷ் ரெசிடென்சி, அதாவது நிஜாமின் அவைக்கு வந்த ஆங்கிலேயப் பிரதிநிதியின் மாளிகை, பெண்கள் கல்லூரி ஆனது. முர்ஷிதாபாத்தின் ஹசார்துவாரி அரண்மனை அருங்காட்சியகம் ஆனது. கிரேக்க, ரோமானியக் கோயில்களின் முகப்பைப் பார்த்துக் கட்டும் நியோகிளாசிக்கல் பாணியின் குடும்பத்தில்தான் இந்த மூன்றும் வரும். பெல்வெடேர் பலமுறை மாற்றிக் கட்டப்பட்டதால் இத்தாலியச் சாயல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். இந்த மூன்றின் அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, அடுத்து ஒரு மாளிகை கைக்கு வரும்போது எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

நூலகம்: பெல்வெடேர் சொல்லும் பாடம்

பெல்வெடேரின் பெயர் வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸோடு சேர்ந்தே வரும். 1780 ஆகஸ்டில் அவரும் அவருடைய ஆலோசனை சபை உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்று சண்டையிட்டது இந்த மாளிகைக்குப் பக்கத்தில்தான். 1854 முதல் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் இங்கே குடியிருந்தார்கள். தலைநகரம் டெல்லிக்குப் போனபிறகு, வைஸ்ராய் கொல்கத்தா வந்தால் தங்கும் வீடாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஆள்பவர்கள் போய்விட்டார்கள், முப்பது ஏக்கர் வளாகமும் மாளிகையும் மிஞ்சின.

நூலகத்துக்கும் இடம் தேவைப்பட்டது. 1836-ல் பொதுமக்கள் நன்கொடையில் தொடங்கிய கல்கத்தா பொது நூலகமும் பின்னால் வந்த இம்பீரியல் நூலகமும் இணைந்து, 1903-ல் மெட்காஃப் ஹாலில் வைஸ்ராய் கர்சன் காலத்தில் திறக்கப்பட்டன. 1948-ல் அதற்குத் தேசிய நூலகம் என்று பெயர் மாறியது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெல்வெடேரில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். ஆள்பவர் விருந்து வைத்த மண்டபத்தில் சாதாரண மாணவர் மேசை போட்டு உட்கார்ந்து படித்தார். சுதந்திரம் என்றால் என்ன என்பதை இதைவிட நேராகக் காட்டும் இடமாற்றம் குறைவு. நம்மவர்களுக்கும் இந்த இடத்தோடு நெருக்கமான தொடர்பு உண்டு. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல் சேகரிப்பும் ஓலைச்சுவடிகளும் இன்று தேசிய நூலகத்தில்தான் இருக்கின்றன.

இப்போது சிக்கலுக்கு வருவோம். 1954-ல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி இந்த நூலகத்துக்குப் போயாக வேண்டும். சென்னையில் கன்னிமாரா நூலகத்துக்கும் இதே உரிமை உண்டு. வருஷா வருஷம் லாரி லாரியாக வந்து இறங்கும் தாளை ஒரு மாளிகை எத்தனை காலம் தாங்கும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தேர்வில் பலர் தவறவிடுவது இதைத்தான். தளத்தின் மேல் வரும் பாரத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் 875 ஓர் அளவு சொல்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. வகுப்பறைக்குச் சுமார் 300. மக்கள் நின்று நடமாடும் கூடத்துக்கு 500. புத்தக அலமாரிகளை அடுக்கிவைக்கும் அறைக்கு, 2.2 மீட்டர் உயரம் வரை 600 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் இன்னும் 200 சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது குடும்பம் நடத்தக் கட்டிய மாடியறையில் அலமாரி அடுக்கினால், அந்தத் தளம் மூன்று மடங்கு பாரம் சுமக்க வேண்டிவரும்.

இந்த மாளிகைகளின் மாடித் தளம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அந்த மூன்று மடங்கின் பொருள் புரியும். சென்னையின் பழைய பங்களாக்களில் இருக்கும் மெட்ராஸ் டெரஸை எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள், கட்டைகளின்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிடிப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அருமையான தளம். நூற்றைம்பது வருஷம் நிற்கும். ஆனால் உத்திரத்தின் நுனி சுவருக்குள் போகிற இடத்தில் ஈரம் ஏறினாலோ கரையான் பிடித்தாலோ, வெளியே ஒன்றும் தெரியாது. மேலே இரும்பு அலமாரி வரிசை ஏறியபிறகுதான் தளம் நடுவில் தொய்யும்.

சரி, அலமாரியைத் தரைத்தளத்தில் வைத்துவிடலாமே என்று தோன்றும். தரைத்தளம் பாரம் தாங்கும், ஆனால் ஓதம் ஏறும். பழைய சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் சுவர். காகிதத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. மேலே காய்ந்த இடம், பலம் போதாது. கீழே பலமான இடம், ஈரம் போகாது. மாளிகையில் நூலகம் வைக்க நினைக்கும் எவரும் இந்த முட்டுக்கட்டையில் வந்து நிற்பார்கள்.

பெல்வெடேரில் இதற்குத் தீர்வு கிடைத்தது. வளாகத்துக்குள்ளேயே பாஷா பவன் என்ற புதிய கட்டடம் எழுந்து, சேகரிப்பும் வாசிப்பும் அங்கே மாறின. மாளிகை காலியாகி, இந்தியத் தொல்லியல் துறையின் கையில் பழுதுபார்ப்புக்குப் போனது. அப்போது 2010-ல், தரைத்தளத்தில் கதவோ சன்னலோ இல்லாத ஓர் அறை இருப்பது தெரியவந்தது. சுமார் ஆயிரம் சதுர அடி. புதையல், பாதாளச் சிறை என்று பத்திரிகைகளில் என்னென்னவோ வந்தன. துளையிட்டுப் பார்த்தபோது உள்ளே முழுக்க மண். மேலே இருக்கும் கட்டடத்துக்குப் பலமாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்துக் கட்டுமானக்காரர்கள் நிரப்பி மூடியது. அரை நூற்றாண்டு நூலகமாக இயங்கிய கட்டடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதே அதுவரை தெரியாமல் இருந்திருக்கிறது. பலகை மாட்டும் முன் முழு ஆய்வு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆக, நூலகத்தைப் பற்றி என் முடிவு: வாசிப்புக் கூடம் சரி, புத்தகக் கிடங்கு கூடாது. பக்கத்தில் இடம் இருந்தால் மட்டுமே இந்த வழியில் இறங்கலாம். பெல்வெடேருக்கு முப்பது ஏக்கர் இருந்தது. நகர நடுவில் அரை ஏக்கரில் நெருங்கிக் கிடக்கும் மாளிகைக்கு அந்த வசதி வராது.

கல்லூரி: கோட்டியின் கதை

மூன்றில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் 1798-லிருந்து 1805 வரை ஐதராபாத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட், அதாவது பிரதிநிதி. மூசி ஆற்றின் வடகரையில், நிஜாமின் பணத்தில், அவர் இந்த மாளிகையை எழுப்பினார். வரைபடம் போட்டவர் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படையின் சாமுவேல் ரஸ்ஸல். அகலமான படிக்கட்டு, இரண்டு பக்கமும் சிங்கங்கள், ஆறு கொரிந்தியத் தூண்கள், மேலே முக்கோண முகப்பு. பார்த்தவர்கள் எல்லோரும் அமெரிக்காவின் வெள்ளை மாளிகையை நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இரட்டைப் படிக்கட்டு, அப்புறம் தர்பார் மண்டபம். அதன் கூரை அலங்காரம் காகிதக்கூழால் செய்தது. கல்லால் செதுக்கியதுபோல இருக்கும், தொட்டால் காகிதம்.

கிர்க்பாட்ரிக் ஐதராபாத்தின் உயர்குடிப் பெண்ணான கைர்-உன்-நிசாவை மணந்தார். அவருக்காக மாளிகையின் பின்புறம் ரங் மஹால் என்ற அந்தப்புரம் கட்டினார். கோஷாவில் இருந்த மனைவி மாளிகையின் முன்பக்கத்தைப் பார்க்க முடியாது என்பதால், அந்த மாளிகையையே சின்னதாக ஒரு மாதிரி செய்து அவருடைய தோட்டத்தில் வைத்தார் என்று சொல்லப்படுகிறது. 1857 ஜூலையில் துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் தலைமையேற்று இந்த ரெசிடென்சியைத் தாக்கினார்கள். ஊர் மக்களுக்கு இது வெள்ளைக்காரன் அதிகாரத்தின் முகமாக இருந்த கட்டடம்.

அந்தக் கட்டடத்துக்குள் 1949-ல் பெண்கள் படிக்க வந்தார்கள். 1924-ல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகப் பெண்கள் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தது. ஒரு காலத்தில் ஒரு பெண் தன் வீட்டு முகப்பைப் பொம்மையாகத்தான் பார்க்க முடிந்தது என்று கதை சொல்லும் அதே இடத்தில், தலைமுறை தலைமுறையாக மாணவிகள் சிங்கங்களுக்கு நடுவே படியேறி வகுப்புக்குப் போனார்கள். இதைவிட நியாயமான மறுபயன்பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் நியாயம் கூரை ஒழுகலை அடைக்காது. கல்லூரி நிதி எப்படி வருகிறது என்று பாருங்கள். சம்பளம், ஆய்வகம், தேர்வு, கட்டட விரிவாக்கம் என்று தலைப்புத் தலைப்பாக வரும். "இருநூறு வருஷச் சுண்ணாம்புப் பூச்சு" என்று ஒரு தலைப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இருக்காது. பூச்சு உதிர்ந்தால் கைக்குக் கிடைத்த சிமென்ட்டை அப்புவார்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும், அடுத்த மழைக்குப் பக்கத்துப் பூச்சும் சேர்ந்து உதிரும். எந்த ஊர்க் கல்லூரியிலும் நடக்கிற விஷயம் இது. கோட்டி மாளிகை 2002-ல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் ஏறியது. அதற்கப்புறம் பணம் திரட்டி, வல்லுநர்களைக் கொண்டுவந்து, காகிதக்கூழ்க் கூரை வரை மீட்டெடுத்து, 2023-ல்தான் மாளிகை மறுபடி திறந்தது. பட்டியலில் ஏறியதற்கும் கதவு திறந்ததற்கும் நடுவே இரண்டு தசாப்தம் ஓடிவிட்டது. இதற்கிடையில் கல்லூரியும் 2022-ல் தனிப் பெண்கள் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இந்தக் கதையைக் காட்டி "கல்லூரிக்குக் கொடுத்ததால்தான் பாழானது" என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1949-க்குப் பிறகு ஆள் நடமாட்டமே இல்லாமல் பூட்டிக் கிடந்திருந்தால், 2002-ல் பட்டியலில் ஏற்றுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைக்கவாவது ஆள் இருந்தது. "எங்கள் கல்லூரி" என்று குரல் கொடுக்கப் பழைய மாணவிகள் இருந்தார்கள். குறை, கல்லூரியின் கையில் கொடுத்ததில் இல்லை. மாளிகைக்கென்று தனிப் பணம் வைக்காமல் கொடுத்ததில் இருக்கிறது.

பாரக் கணக்கிலும் கல்லூரி மோசமில்லை. வகுப்பறைக்குத் தேவையான 300 கிலோ, வீட்டு அளவைவிட ஒன்றரை மடங்குதான். தர்பாருக்கும் விருந்துக்கும் கூட்டம் கூடக் கட்டிய பெரிய கூடங்கள் அதைத் தாங்கக்கூடும். வல்லுநர் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவே. உண்மையான தொல்லை கழிப்பறைதான். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் ஆயிரக்கணக்கானோர் பகல் முழுக்க இருந்தால் கழிப்பறை வேண்டாமா? அதை மாடியில் மூலைக்கு மூலை ஒட்டவைத்தால், குழாய் கசிந்து மரக்கட்டைகளின் நுனியை ஊறவைத்துவிடும். கழிப்பறைத் தொகுதியை மாளிகையைவிட்டுத் தள்ளித் தனியாகக் கட்டி, மூடிய நடைபாதையால் இணைப்பதுதான் வழி. கட்டடத்தைக் கையளிக்கும் ஆணையிலேயே இதை எழுதிவிட வேண்டும்.

அருங்காட்சியகம்: ஹசார்துவாரிக்குப் பொருந்தியது எல்லாவற்றுக்கும் பொருந்தாது

முர்ஷிதாபாத் ஹசார்துவாரிக்கு 1829-ல் அடிக்கல் நாட்டி 1837-ல் முடித்தார்கள். நவாப் நாசிம் ஹுமாயூன் ஜாவுக்காக டங்கன் மெக்லியட் வடிவமைத்தது. ஆயிரம் கதவு என்பதுதான் பெயரின் பொருள். அதில் தொண்ணூறு சதவீதம் உண்மைக் கதவு, மிச்சம் சுவரில் கதவுபோலச் செய்த பொய்க் கதவு. 1985-ல் இந்தியத் தொல்லியல் துறை பொறுப்பேற்றது. நவாப்களின் வாள்கள், துப்பாக்கிகள், வெள்ளிப் பல்லக்கு, ஓவியங்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. எதிரே நிற்பவர் மற்றவர்களைப் பார்க்கலாம், தன் முகத்தை மட்டும் பார்க்க முடியாது என்ற மாதிரி கோணத்தில் பொருத்திய கண்ணாடி ஒன்று உண்டு. குழந்தைகள் அதைவிட்டு நகரவே மாட்டார்கள்.

இங்கே அருங்காட்சியகம் ஜெயித்ததற்குக் காரணம் வெளிப்படை. பொருளும் கட்டடமும் ஒரே வீட்டுக்காரருடையவை. நவாப் அங்கே குடியிருக்கவும் இல்லை, தர்பாருக்கும் விருந்தினருக்கும் காட்டவே கட்டினார். காட்டக் கட்டிய வீட்டில் காட்சி வைப்பது இயல்பான விஷயம். ஒரு துறை, ஒரு சட்டம், காவல், சீட்டு வருமானம் என்று பராமரிப்புக்கு முகவரியும் இருக்கிறது.

மற்ற மாளிகைகள் அப்படி இல்லை. வீட்டுச் சாமான்கள் எப்போதோ பங்காளிகளிடமோ ஏலத்திலோ போயிருக்கும். வெறும் கூடத்தில் சட்டம்போட்ட புகைப்படங்களை மாட்டி அருங்காட்சியகம் என்றால், ஊர்க்காரர் ஒருமுறை வருவார், பிள்ளைகளின் பள்ளி ஒருமுறை கூட்டிவரும். அதற்குமேல் யாரும் வரமாட்டார்கள். வரவு குறைந்தால் ஊழியர் குறைவார், ஊழியர் குறைந்தால் சன்னல் திறக்க ஆள் இருக்காது.

சன்னல் விஷயம் சின்னதில்லை. இந்த மாளிகைகளின் உயிரே காற்றோட்டம். ஆளுயரச் சன்னல், எதிரெதிர்க் கதவு, ஆழமான வராந்தா எல்லாம் சுண்ணாம்புச் சுவரைக் காயவைக்கத்தான். ஆனால் துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது என்பது அருங்காட்சியக நடைமுறை. வெளியே உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். ஆகவே சன்னலை அடைப்பார்கள். அடைத்தால் காற்று நிற்கும், பூஞ்சை வரும். பூஞ்சைக்குப் பயந்து ஏசி மாட்டுவார்கள். ஏசித் தண்ணீர் குழாய் வழியாக வெளிச்சுவரில் இறங்கி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த அந்தப் பளிங்குப் பூச்சில் பச்சைக் கோடு போட்டுவிடும். பழைய பங்களாவில் இயங்கும் அலுவலகங்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இந்தக் கோட்டை இன்றும் காணலாம்.

உலோகம், கல், நாணயம் மாதிரிப் பொருள்கள் இருந்து, அவையும் அந்த வீட்டோடு உறவுள்ளவையாக இருந்தால் அருங்காட்சியகம் வைக்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

யாரும் யோசனை என்று சொல்லாத நான்காவது வழி

முடிவே எடுக்காமல் வைத்திருப்பது. விழா மண்டபமாக, வருஷத்தில் சில நாள் மட்டும் திறக்கும் இடமாக.

சென்னை ராஜாஜி மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்து 1802-ல் முடிந்த விருந்து மண்டபம். 1938-39-ல் சட்டமன்றம் இங்கே கூடியிருக்கிறது. 1948-ல் ராஜாஜியின் பெயர் வைத்தார்கள். 1969-ல் அண்ணா, 2016-ல் ஜெயலலிதா, 2018-ல் கருணாநிதி என்று தமிழகம் தன் தலைவர்களை வழியனுப்பிய படிக்கட்டு அது. அந்தப் படிகளின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் துக்கமும் அரசு நிகழ்ச்சியும் இல்லாத நாளில் அந்த மண்டபத்துக்கு ஊரோடு என்ன தொடர்பு? பள்ளிப் பிள்ளைகள் உள்ளே போய்த் தூண்களை அண்ணாந்து பார்க்க ஒரு வழியும் இல்லாமல் இருப்பது பெரிய இழப்பு.

அதே வளாகத்தில் இருந்த பழைய அரசினர் இல்லத்துக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. 1753-ல் கம்பெனி விலைக்கு வாங்கி, கவர்னர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த வீடு. புதிய தலைமைச் செயலகம், சட்டமன்றக் கட்டடத்துக்காக அதை இடித்தார்கள். 2010-ல் திறந்த அந்தப் புதுக் கட்டடம் இன்று பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை. மருத்துவமனை வந்ததில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால் இருநூற்றைம்பது வருஷ வீடு திரும்ப வராது. நிலையான பயன் ஒன்று அந்த வீட்டுக்கு இருந்திருந்தால், அதைக் காலி இடமாக நினைத்துக் கைவைத்திருப்பது அத்தனை எளிதாக இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

என் விடை கல்லூரி. அதிலும் பெண்கள் கல்லூரி என்றால் இன்னும் மகிழ்ச்சி. ஆனால் கோட்டியில் நடந்த மாதிரி மொத்தப் பாரத்தையும் மாளிகை தலையில் ஏற்றிவிடக் கூடாது.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் மகளிர் கிறித்தவக் கல்லூரிக்குள் டவ்டன் மாளிகை இருக்கிறது. 1798 வாக்கில் பெஞ்சமின் ரோபக் கட்டியது, பின்னால் ஜெனரல் ஜான் டவ்டனின் பெயரில் நிலைத்தது. பதவி பறிக்கப்பட்ட பரோடா மன்னர் மல்ஹார் ராவ் கெய்க்வாடை 1875-ல் கொண்டுவந்து வைத்ததும் இங்கேதான். 1915-ல் தொடங்கிய கல்லூரி அடுத்த வருஷமே இந்த வளாகத்துக்கு வந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, மாளிகை இன்னும் நிற்கிறது. கல்லூரி வளர வளர வகுப்புகளுக்கும் ஆய்வகங்களுக்கும் வழிபாட்டுக்கும் சுற்றிலும் தனித்தனிக் கட்டடங்கள் எழுந்தன. பழைய வீடு கல்லூரியின் முகமாக நடுவில் இருக்கிறது. மாணவிகள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள், ஆனால் எல்லோரையும் அது ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியதில்லை.

இதையே விதியாக எழுதிக்கொள்ளலாம். பெரிய கூடத்தில் வாசிப்புக் கூடமும் கருத்தரங்கும், சிறிய அறைகளில் முதல்வர், பேராசிரியர்கள், வருகைதரும் ஆய்வாளர்கள். புத்தகக் கிடங்கு, ஆய்வகம், சமையற்கூடம், கழிப்பறை எல்லாம் புதுக் கட்டடத்தில். வாரத்தில் ஒருநாளாவது ஊர் மக்களுக்கு மாளிகையின் கதவு திறந்திருக்க வேண்டும். பொதுப் பணத்தில் நிற்கும் வீட்டை மதில் வழியாக மட்டும் பார் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வளாகத்தில் புதிதாகக் கட்ட இடமே இல்லையென்றால் கல்லூரியைக் கைவிட்டு, அலமாரி இல்லாத வாசகசாலையோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுப் பொருள்கள் வீட்டிலேயே இருக்கும் அபூர்வமான இடங்களில் அருங்காட்சியகம்.

பணத்தைப் பற்றி ஒன்று. மாளிகைக்கான பராமரிப்புத் தொகையைக் கல்லூரியின் பொது நிதியில் கலக்காமல், வட்டி மட்டும் எடுக்கும் தனி வைப்பாகத் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். பழைய மாணவிகள் சங்கத்தில் இரண்டு பேர், பாரம்பரியக் கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவர், பொதுப்பணித் துறையிலிருந்து ஒருவர் என ஒரு சின்னக் குழு அதைச் செலவழிக்கட்டும். சிமென்ட் பூச்சுக்கு இந்தத் தொகையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்று விதியிலேயே இருக்கட்டும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவருகிறார்கள். இப்படிப் பத்து மாளிகைகளில் வருஷா வருஷம் வேலை இருந்தால் அவர்கள் பிள்ளைகளும் அந்தத் தொழிலில் தங்குவார்கள்.

பெயர்ப் பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வடகிழக்குப் பருவமழையை அந்தக் கட்டடத்தில் முழுசாகப் பார்த்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் மாடியில் எந்த மூலை ஒழுகுகிறது, எந்த உத்திரத்தின் நுனி கறுக்கிறது, தரைத்தளச் சுவரில் ஓதம் எத்தனை அடி ஏறுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதிவைக்க ஒரு ஓவர்சியரும் ஒரு ஏணியும் போதும்.